கஷாயச் சட்டிக்குள் நடக்கும் வேதியியல்

கேள்வி இது: சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி, அம்மாவின் முழங்கால் வலிக்காகச் சீன மூலிகைக் கூட்டுப் பொடி ஒன்று வாங்கி அனுப்புகிறார். பாக்கெட்டில் பதினோரு மூலிகைகளின் பெயர் இருக்கிறது. குடித்த இரண்டே நாளில் வலி குறைந்துவிட்டது. இதை ஆய்வகத்தில் கொடுத்தால் உள்ளே என்ன இருக்கிறது, எது வேலை செய்கிறது என்று சொல்வார்களா?

உங்கள் கேள்வியில் என் கண் போய் நின்ற இடம் ‘இரண்டே நாளில்’ என்பது. நான் தாவர வேதியியல் ஆய்வகத்தில் வேலை செய்பவன். மூலிகை வலியைக் குறைக்காது என்று சொல்ல வரவில்லை. ஆனால் மாதக்கணக்கில் இருந்த மூட்டு வலி ஓரிரு நாளில் காணாமல் போனால், கூடவே பசி கூடி முகமும் லேசாக உப்பினால், முதலில் தேட வேண்டியது மூலிகையை அல்ல, ஸ்டீராய்டை. தைவானில் 8 பொது மருத்துவமனைகள் சேகரித்த 2,609 சீன மருந்து மாதிரிகளைச் சோதித்து 1997-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவற்றில் 23.7 சதவீதத்தில் ஆங்கில மருந்து கலந்திருந்தது. காஃபீன், பாராசிட்டமால், வலி மருந்தான இண்டோமெதசின், ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன், சிறுநீர் பிரிக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு ஆகியவை அதிகம் அகப்பட்டன. மருத்துவமனை வழியாக வந்த மாதிரிகள் என்பதால் கடையில் விற்பது எல்லாவற்றுக்கும் அதே விகிதத்தைப் போடக் கூடாது. ஆனாலும் எங்கே தேட வேண்டும் என்பதை அது காட்டிவிட்டது. சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையமும், வலிக்கு என்று விற்கும் பொருள்களில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு இருப்பதாகப் பலமுறை எச்சரித்திருக்கிறது.

கலப்படத்தைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலையிலேயே சுலபமானது. மூலிகைப் பொடியைக் கரைத்து, சேர்மங்களைத் தனித்தனியே பிரிக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் ஓட்டினால் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் பிரிந்து, வரைபடத்தில் சிறிதும் பெரிதுமாகப் பீக்குகள், அதாவது கூர்முனைகள், வரும். அந்தப் புல்வெளிக்கு நடுவே ஒரு மாத்திரையின் மருந்து பனைமரம்போல நிற்கும். அதோடு நிறை நிறமாலைமானியை இணைத்துவிட்டால் மூலக்கூறின் நிறை தெரியும், உடைத்துப் பார்த்தால் துண்டுகளின் நிறையும் தெரியும். டெக்சாமெதசோனின் நிறை 392. தூய மாதிரி ஒன்றைப் பக்கத்தில் ஓட்டி ஒப்பிட்டால் அன்று மாலையே பதில் கிடைக்கும்.

ஆனால் தேடினால்தான் கிடைக்கும். அமெரிக்காவில் புராஸ்டேட் புற்றுநோய்க்கு என்று பி.சி.-ஸ்பெஸ் என்னும் 8 சரக்குக் கூட்டு மருந்து விற்றார்கள். அது உண்மையாகவே, அந்தப் புற்றுநோயைக் கண்காணிக்க ரத்தத்தில் அளக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவைக் குறைத்தது, அதை வைத்து மருத்துவ ஆய்வுகளும் நடந்தன. பிறகு பகுத்துப் பார்த்தபோது டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன், இண்டோமெதசின், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் ஆகியவை வெளிப்பட்டன. 2002-ல் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். எந்த மூலிகை வேலை செய்கிறது என்று அதுவரை யோசித்துக்கொண்டிருந்தவர்களின் உழைப்பெல்லாம் வீணானது. அதனால்தான் உங்கள் முதல் கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வியை வைக்கிறேன்: இருக்கக் கூடாதது ஏதாவது இருக்கிறதா?

அடுத்தது, பெயரும் சரக்கும் ஒன்றுதானா என்பது. இதற்குப் பெரிய கருவி வேண்டாம், நுண்ணோக்கி போதும். பொடியில் ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்தால் மாவுமணிகளின் வடிவம், கால்சியம் ஆக்சலேட் படிகங்கள், நார்களின் அமைப்பு எல்லாம் வேரா, பட்டையா, எந்தக் குடும்பம் என்பதைச் சொல்லிவிடும். கருவிக்குக் கோடிக்கணக்கில் செலவழிக்கும் ஆய்வகங்கள் இந்தத் திறமையைக் கைவிட்டு வருவது எனக்கு உண்மையான வருத்தம்.

பெயர் குழம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பெல்ஜியத்தின் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் நடந்ததை விடக் கொடிய உதாரணம் எனக்குத் தெரியாது. 1990-ல் அங்கே ஓர் உடல் இளைப்பு மருந்தில் இரண்டு சீன மூலிகைகளைப் புதிதாகச் சேர்த்தார்கள். அதில் ஒன்று ‘ஃபாங்ஜீ’, தாவரப் பெயர் ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா. 1993-ல் இளம் பெண்களின் சிறுநீரகங்கள் வேகமாகச் சுருங்கிப் பழுதாவது மருத்துவ இதழில் வெளியானது. மருந்துப் பொடியைச் சோதித்தபோது ஸ்டெஃபானியாவில் இருக்க வேண்டிய டெட்ராண்ட்ரீன் இல்லை. சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் இருந்தது. சீனாவின் தெற்கே ‘குவாங் ஃபாங்ஜீ’ என்று இன்னொரு கொடி உண்டு, அது அரிஸ்டோலோகியா இனம். ‘ஃபாங்ஜீ’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு செடிகள் நுழைந்துவிட்டன. பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல். முன்னெச்சரிக்கையாகப் பழுதடைந்த சிறுநீரகத்தையும் சிறுநீர்க் குழாயையும் அகற்றிக்கொண்ட 39 பேரில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்தது என்று 2000-ல் தெரிந்தது. நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் அதே அரிஸ்டோலோகியா இனம்தான். ஆகவே இதைச் சீனாக்காரர் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது.

இந்த இரண்டு வாசலையும் தாண்டினால்தான் நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறோம். சரியான சரக்குகள், கலப்படம் இல்லை. இப்போது பதினோரு மூலிகைகளையும் தனித்தனியே பகுத்து, பட்டியலைக் கூட்டிப் போட்டால் கூட்டு மருந்தின் வேதியியல் கிடைத்துவிடுமா? கிடைக்காது. என் துறையில் பலரும் பல ஆண்டுகள் செய்த தவறு இது. மருந்து என்பது சரக்குகளின் பட்டியலில் இல்லை, காய்ச்சிய சட்டியில் இருக்கிறது.

இதை மிக அழகாகக் காட்டுவது ‘தாங்குய் பூஷுவே தாங்’ என்னும் கஷாயம். ‘தாங்’ என்றால் காய்ச்சிய சாறு, சித்த மருத்துவத்தில் ‘குடிநீர்’ என்கிறோமே அது. லீ தோங்யுவான் என்ற மருத்துவர் 1247-ல் எழுதிவைத்தது. ரத்தம் குறைந்தவர்களுக்கும் பெண்களின் உடல் தளர்ச்சிக்கும் கொடுப்பது. சரக்கு இரண்டே இரண்டு. ஹுவாங்ச்சீ என்பது அவரைக் குடும்பத்து வேர். தாங்குய் என்பது கொத்தமல்லி, சீரகத்தின் குடும்பத்து வேர். ஹுவாங்ச்சீ ஒரு லியாங், தாங்குய் இரண்டு ச்சியான். இவை பழைய சீன எடை அளவுகள்; பத்து ச்சியான் ஒரு லியாங் என்பதால் கணக்கு ஐந்துக்கு ஒன்று. தாங்குயை மதுவில் கழுவிப் போட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்.

ஏன் ஐந்துக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்றாகவோ சரிபாதியாகவோ இருந்தால் என்ன? ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கார்ல் சிம் குழுவினர் விகிதத்தை மாற்றி மாற்றிக் காய்ச்சி, ஒவ்வொரு கஷாயத்திலும் சில சேர்மங்களை அளந்தார்கள். ஹுவாங்ச்சீயிலிருந்து வரும் ஆஸ்ட்ரகலோசைடு-4, கேலிகோசின், ஃபார்மோனோனெடின்; தாங்குயிலிருந்து வரும் ஃபெருலிக் அமிலம், லிகுஸ்டிலைடு. ஐந்துக்கு ஒன்றில்தான் நல்ல சேர்மங்கள் அதிகமாக நீரில் இறங்கின, லிகுஸ்டிலைடு குறைந்தது. செல்களில் சோதித்தபோதும் அந்த விகிதமே மற்றவற்றைவிட நன்றாக வேலை செய்தது. இரண்டையும் தனித்தனியே காய்ச்சிப் பிறகு கலந்தால் அந்தப் பலன் வரவில்லை. ஒரே சட்டியில் கொதித்தால்தான் வந்தது.

மதுவில் கழுவச் சொன்னதற்கும் காரணம் அகப்பட்டது. லிகுஸ்டிலைடு தாங்குயின் வாசனை எண்ணெயில் இருப்பது. அது அதிகமாக இருந்தால் ஹுவாங்ச்சீயின் சேர்மங்கள் நீரில் இறங்குவதைத் தடுக்கிறது. மதுவில் பக்குவம் செய்தால் அந்த எண்ணெய் குறைகிறது, தடையும் குறைகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் லிகுஸ்டிலைடு என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கைப்பழக்கத்தில் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். இந்த ஆய்வுகளை முதன்முதலில் படித்த அன்று நான் வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை. இதனாலேயே கஷாயம் மருந்தாகப் பலிக்கும் என்று நிரூபணம் ஆகிவிடாது. அதற்கு நோயாளிகளிடம் செய்யும் ஆய்வு வேண்டும். ஆனால் ‘விகிதம்’, ‘பக்குவம்’ என்று பழைய ஏட்டில் எழுதியிருப்பவை அளந்து பார்க்கத் தக்க வேதியியல் கூற்றுகள் என்பதை இது ஐயமில்லாமல் காட்டியது.

சட்டிக்குள் நடப்பது உயிர் பிழைப்பதற்கும் சாவதற்கும் இடையிலான வேறுபாடாகவும் இருக்கலாம். ‘ஃபூஸு’ என்பது நம் நாபியின் இனம். நாபி வேரை நேரடியாக உண்டால் என்ன ஆகும் என்று நம் பாட்டிமார்களுக்கே தெரியும். அதிலுள்ள அகோனிட்டீன் 2 மில்லிகிராம் அளவே ஒரு மனிதரைக் கொல்லக் கூடியது. நரம்பிலும் இதயத்திலும் உள்ள சோடியம் வாசல்களை மூட விடாமல் திறந்தே வைத்துவிடும், இதயத் துடிப்பு குலைந்துபோகும். இந்த மூலக்கூறில் இரண்டு எஸ்டர் பிணைப்புகள் உண்டு. ஒன்றில் அசெட்டைல், மற்றொன்றில் பென்சாயில். நீரில் நெடுநேரம் கொதித்தால் முதலில் அசெட்டைல் கழன்று பென்சாயில்அகோனீன் ஆகும். நஞ்சு பல நூறு மடங்கு குறையும். மேலும் கொதித்தால் பென்சாயிலும் கழன்று அகோனீன் ஆகும். நஞ்சு இன்னும் குறையும். இதனால்தான் சீன மருந்துச் சீட்டில் ஃபூஸுவுக்குப் பக்கத்தில் ‘முதலில் காய்ச்சு’ என்று தனியாக எழுதுவார்கள். மற்ற சரக்குகளைப் போடுவதற்கு முன்பே அது தனியாகக் கொதித்திருக்க வேண்டும். அதற்கு முந்திய கட்டமும் உண்டு: சிச்சுவான் மாநிலத்து ஜியாங்யோவில் விளையும் இந்த வேரை உப்பு நீரில் ஊறவைத்து, வேகவைத்து, சீவிக் காயவைத்தே விற்பார்கள். நம் மருத்துவர்கள் நாபியைச் சுத்தி செய்வதும் இதே வேலைதான்.

ஹான் காலத்து மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங்கின் ‘ஸுநீ தாங்’ என்ற கஷாயத்தில் ஃபூஸுவோடு சுக்கும் அதிமதுரமும் சேரும். அதிமதுரத்தின் கிளிசரைசின் ஓர் அமிலம், அகோனிட்டீன் ஒரு காரம். இரண்டும் ஒட்டிக்கொள்வதால் கரைசலில் சுதந்திரமாகத் திரியும் நச்சு ஆல்கலாய்டு குறைகிறது. அதிமதுரம் ‘மற்ற சரக்குகளைச் சமாதானம் செய்யும்’ என்று சீன மருத்துவர்கள் சொல்லிவந்ததற்கு வேதியியலில் ஒரு விளக்கம் இது. (அதே அதிமதுரத்தை அளவுக்கு மீறி நாள்கணக்கில் குடித்தால் உடலில் பொட்டாசியம் குறைந்து ரத்த அழுத்தம் ஏறும். அம்மாவின் பொடியில் அது இருக்க வாய்ப்பு அதிகம், சீனக் கூட்டு மருந்துகளில் அதைவிட அடிக்கடி வரும் சரக்கு இல்லை. ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

இங்கே எங்கள் தொழிலின் ஒரு பெரிய ஓட்டையைச் சொல்லியாக வேண்டும். கஷாயத்தை எச்.பி.எல்.சி.யில் செலுத்துமுன் நுண்ணிய வடிகட்டியில் வடிகட்டுவோம், இல்லாவிட்டால் கருவியின் குழாய் அடைத்துக்கொள்ளும். வடிகட்டியில் தங்குவதைத் தூக்கி எறிவோம். ஆனால் ஹுவாங்லியன் என்ற வேரையும் ஹுவாங்ச்சின் என்ற வேரையும் சேர்த்துக் காய்ச்சினால், முதல் வேரின் பெர்பரீனும் இரண்டாவதின் பைகாலினும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கலங்கலாக அடியில் இறங்கும். அந்தக் கலங்கலுக்குள் மிக நுண்ணிய துகள்கள் தாமாகவே கட்டமைவதாகவும், அவை கிருமிகளை எதிர்க்கும் திறனைக் கூட்டுவதாகவும் 2019-ல் ஆய்வு வந்திருக்கிறது. நோயாளி குடிப்பது அந்த மண்டியோடு சேர்த்துத்தான். நாங்கள் அளப்பதோ தெளிந்த நீரை மட்டும். நான் இப்போது மண்டியையும் தனியே எடுத்துக் கரைத்து ஓட்டச் சொல்கிறேன். வேலை இரட்டிப்பாகிறது, ஆனால் வேறு வழியில்லை.

தர நிர்ணயத்துக்குக் கைரேகை முறை என்று ஒன்று உண்டு. ஒரு சேர்மத்தை மட்டும் அளக்காமல், வரைபடம் முழுவதையும் கைரேகைபோல வைத்துக்கொண்டு ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியும் அதோடு எவ்வளவு பொருந்துகிறது என்று பார்ப்பது. சீன அரசு 2000-ல் ஊசி வழியே போடும் மூலிகை மருந்துகளுக்கு இதைக் கட்டாயமாக்கத் தொடங்கியது. ஒற்றைச் சேர்மத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றுவது சுலபம். கிங்கோ இலைச் சாரத்தில் ஃபிளேவனாய்டு 24 சதவீதம் இருக்க வேண்டும் என்று அளவு வைத்தவுடன், ஃபிளேவனாய்டு வகையைச் சேர்ந்த மலிவான ரூட்டினை வாங்கிக் கலந்து அந்த எண்ணைத் தொட்டவர்கள் உண்டு. கைரேகை தரத்தைக் காக்கும், அவ்வளவுதான்; எது வேலை செய்கிறது என்று அது சொல்லாது.

சரி, எது வேலை செய்கிறது? இதற்கு இரண்டு கதைகள் தெரிய வேண்டும், இரண்டும் ரத்தப் புற்றுநோய் பற்றியவை, இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன.

‘தாங்குய் லோங்ஹூய் வான்’ என்பது 11 சரக்கு மாத்திரை. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு அது உதவுவதாக 1960-களில் சீன மருத்துவர்கள் கவனித்தார்கள். ஒவ்வொரு சரக்காக விலக்கிப் பார்த்ததில் பத்தும் உதிர்ந்து ‘சிங்தாய்’ என்ற நீலப் பொடி மட்டும் நின்றது. அது நீலச்சாயம், நம் அவுரியிலிருந்து எடுப்பதும் அதே சாய மூலக்கூறுதான். ஆனால் வேலை செய்தது நீலம் இல்லை, அதற்குள் சிறிதளவே இருந்த சிவப்பு உடன்பிறப்பான இண்டிரூபின். செல் பிரிவதை நடத்தும் சைக்ளின் சார்ந்த கைனேஸ் என்ற நொதிகளை அது தடுக்கிறது என்பது 1999-ல் தெரிந்தது. பதினொன்று ஒன்றாகி, அந்த ஒன்றுக்குள்ளும் ஓரத்தில் கிடந்த சேர்மம் விடையானது.

இன்னொன்று, மனோசிலையும் அதே சிங்தாயும் டான்ஷென் என்ற செந்நிற வேரும் முக்கியச் சரக்குகளாகச் சேர்ந்த மாத்திரை. அக்யூட் புரோமைலோசைட்டிக் வகை ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுப்பது. மனோசிலை ஆர்சனிக் சல்ஃபைடு. சித்த மருத்துவத்திலும் சுத்தி செய்து சேர்க்கும் பாஷாணம். 2008-ல் ஷாங்காயில் சென் ஜூ குழுவினர் இந்த மூன்று சரக்குக்கும் ஒவ்வொரு சேர்மத்தைப் பிரதிநிதியாக எடுத்தார்கள்: ஆர்சனிக் சல்ஃபைடு, இண்டிரூபின், டான்ஷினோன்-2ஏ. நோய்க்கு மூலமான பிறழ்ந்த புரதத்தை ஆர்சனிக் நேரடியாகத் தாக்கிச் சிதைக்கிறது. மற்ற இரண்டும் செல்லின் சவ்வில் அக்வாகிளிசரோபோரின்-9 என்ற வாசலை அதிகமாக்குகின்றன, அந்த வாசல் வழியே ஆர்சனிக் கூடுதலாக உள்ளே போகிறது. மூன்றும் சேர்ந்தபோது கிடைத்த பலன் தனித்தனியே கிடைக்கவில்லை. இந்த மாத்திரை, நரம்பில் ஏற்றும் ஆர்சனிக் டிரையாக்சைடுக்குச் சளைத்ததல்ல என்று 2013-ல் நோயாளிகளிடம் நடந்த ஒப்பீட்டு ஆய்வும் காட்டியது. சீன மருத்துவம் சரக்குகளை அரசன், மந்திரி, உதவியாள், தூதன் என்று வரிசைப்படுத்தும். அந்த வரிசை இங்கே மூலக்கூறு மட்டத்தில் தெரிந்தது. எல்லாக் கூட்டு மருந்துக்கும் இப்படி அமையும் என்று எதிர்பார்ப்பதற்கு எனக்கு ஆதாரம் இல்லை. நன்றாக ஆராய்ந்து முடித்தவை கைவிரல் எண்ணிக்கைதான்.

சட்டியே எதிரியான கதையும் உண்டு. மலேரியாவுக்கு மருந்து தேடிய சீன விஞ்ஞானி தூ யூயூ, சிங்ஹாவ் செடியைச் சூடாக்கிச் சாரம் எடுத்தபோது பலன் நிலையாக வரவில்லை. நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹோங் எழுதியதை மறுபடி படித்தார். ஒரு கைப்பிடி சிங்ஹாவை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்றுதான் அதில் இருந்தது, காய்ச்சு என்று இல்லை. 35 டிகிரியில் கொதிக்கும் ஈதரில் சாரம் எடுத்தார். 1971 அக்டோபரில் 191-ஆம் மாதிரி எலிகளில் மலேரியா ஒட்டுண்ணியை முழுவதுமாக ஒழித்தது. அந்தச் சாரத்திலிருந்து பிறகு பிரித்தெடுத்ததே ஆர்டிமிசினின், அதன் உயிர்நாடியான பெராக்சைடு பாலம் வெப்பம் தாங்காதது. ஆகவே பகுப்பாய்வு செய்பவர் முதலில் கேட்க வேண்டியது, நோயாளி இதை எப்படித் தயாரித்து உட்கொள்கிறார் என்பதை.

குடித்த பிறகும் வேதியியல் நிற்பதில்லை. கிளிசரைசின் அப்படியே ரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு. குடல் நுண்ணுயிர்கள் அதன் சர்க்கரையைக் கழற்றியதும் கிளிசரெட்டினிக் அமிலமாகிப் போகிறது. பைகாலினும் குடலில் சர்க்கரைப் பகுதியை இழந்து, உறிஞ்சப்பட்டபின் மறுபடி அதைச் சேர்த்துக்கொள்கிறது. இதனால் ஹார்பினில் வாங் சிஜுன் போன்றவர்கள் கஷாயத்தைப் பகுப்பதோடு நிறுத்தாமல், குடித்தபின் ரத்தத்தில் எந்தெந்தச் சேர்மம் தோன்றுகிறது என்று தேடுகிறார்கள். நூற்றுக்கணக்கான பீக்குகளில் ரத்தத்தில் தலைகாட்டுபவை சிலவே. தேடலை அவற்றிலிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம்.

உங்கள் அம்மாவின் பொடிக்கு வருகிறேன். ஆய்வகத்துக்குப் பிரிக்காத பாக்கெட் ஒன்றும், இப்போது குடித்துக்கொண்டிருக்கும் பாக்கெட் ஒன்றும், அச்சடித்த அட்டையோடு கொண்டுபோங்கள். ‘என்ன இருக்கிறது?’ என்று பொதுவாகக் கேட்டால் பெரிய தொகையும் புரியாத பட்டியலும் வரும். மூன்றைக் கேளுங்கள்: ஒன்று, ஸ்டீராய்டும் வலி மருந்துகளும்; இரண்டு, அரிஸ்டோலோகிக் அமிலமும் அகோனிட்டீனும்; மூன்று, ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம். முடிவு வரும்வரை அம்மாவிடம் பொடியைத் தானாக நிறுத்தச் சொல்லவும் வேண்டாம், தொடரச் சொல்லவும் வேண்டாம். இன்றே பாக்கெட்டோடு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு உடலில் போயிருந்தால் அட்ரீனல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படி இருந்தால் படிப்படியாகக் குறைப்பதை மருத்துவர்தான் செய்ய வேண்டும். தம்பியிடம் எந்தக் கடை, எந்தத் தொகுதி எண் என்று கேட்டு வையுங்கள், ரசீது இருந்தால் அதையும் அனுப்பச் சொல்லுங்கள்.